சவுண்டு சூப்பர்... இன்ஜின்?



போன வருட மலரில் கவிதை எழுதியவன் இந்த வருடம் இன்ஜின் பற்றி எழுதுகிறானே என்று சிரிக்க வேண்டாம். நம் மலரில் காதல் கவிதைக்கு என்றைக்கும் பஞ்சம் வந்ததில்லை. இன்ஜின் போன கதையை எழுதத்தான் ஆள் இல்லை. அதுவும் 'நல்லா இருக்குண்ணா, வாங்கிக்கோ' என்று சொன்னவனே எழுதுவது நம் மலருக்குப் புதுசு.

ஆமாம், சொன்னவன் நான்தான்.

எங்கள் குடும்பத்தில் பத்தாவதைத் தாண்டியவன் நான் ஒருத்தன். ஆட்டோமொபைல் டிப்ளமோவில் சேர்ந்த அன்றைக்கே தெருவில் 'இன்ஜினியரு' ஆகிவிட்டேன். மிக்ஸி ஓடவில்லை என்றாலும் என் தலையில்தான் வந்து விழும். எனவே பெரியம்மா மகன், எனக்கு அண்ணன், பழைய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று வாங்கப் போகிறேன் என்றபோது எல்லோரும் ஒரே குரலில் சொன்னது: "இன்ஜினு படிக்கிற புள்ள கீறான் இல்ல, அவனக் கூட்டினு போ."

அண்ணன் எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோட்டில் கன்டெய்னர் டிரெய்லர் ஓட்டுபவர். துறைமுகம் போகும் வண்டி வரிசை உங்களுக்குத் தெரியும். நின்றால் மூன்று மணி நேரம், நான்கு மணி நேரம், சில நாள் ராத்திரி முழுக்க. அந்த நேரத்துக்கு டிரைவருக்கு இருக்கிற ஒரே துணை செல்போன். செல்போனில் என்ன? கார் வீடியோ. 'ஆல்ட்டோ விலையில் ஸ்போர்ட்ஸ் கார்!' 'இருபத்தைந்து லட்சம் வண்டி வெறும் நாலு லட்சத்துக்கு!' கண்ணாடி போட்ட ஒருத்தர் ஆக்ஸிலேட்டரை மிதிக்க, சைலன்சர் படபடவென்று வெடிக்க, கூட இருக்கும் நண்பர் 'ப்ரோ... ப்ரோ...' என்று கத்துவார். நானும் அண்ணனும் சேர்ந்தே பார்த்திருக்கிறோம். பொய் சொல்லவில்லை, எனக்கும் மயிர்க்கூச்செறிந்தது.

வண்டி ஐரோப்பாக் கம்பெனியுடையது. டர்போ பெட்ரோல், பதினோரு வருடம் ஓடியது, டெல்லி ரிஜிஸ்ட்ரேஷன். விலை நாலே கால் லட்சம். ஓடோமீட்டரில் 71,000 கிலோமீட்டர். பெரியம்மாவின் ஒன்பது சவரன் அடகுக் கடைக்குப் போயிற்று, மீதிக்குக் கடன்.

நான் என்ன பார்த்தேன்? நண்பர்களே, அதைச் சொல்லவே வெட்கமாக இருக்கிறது. பெயின்ட் பார்த்தேன். டயர் பார்த்தேன். ஏ.சி. போட்டுப் பார்த்தேன். சீட்டில் உட்கார்ந்து ஸ்டியரிங்கை இரண்டு தரம் திருப்பினேன். டிப் ஸ்டிக்கை உருவிப் பார்த்து, ஆயில் இருக்கிறது என்று தலையாட்டினேன். பானெட்டைத் திறந்தபோது அனல் அடித்தது. நாங்கள் வருவதற்கு முன்பே இன்ஜினை யாரோ ஓட்டிச் சூடாக்கி வைத்திருக்கிறார்கள் என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை. ஸ்டார்ட் செய்து ஒரு உறுமல். அண்ணன் என்னைப் பார்த்தார்.

"இன்னாடா, எப்டி கீது?"

"சவுண்டு சூப்பர்ணா."

இருபத்து மூன்று நாள். இருபத்து நாலாவது நாள் விடியற்காலை, வண்டலூர்–மீஞ்சூர் அவுட்டர் ரிங் ரோட்டில், ஆயில் விளக்கு விட்டு விட்டு எரிந்தது. 'டர்போ வண்டிக்கு இதெல்லாம் சகஜம்' என்று ஏதோ வீடியோவில் கேட்ட நினைவில் அண்ணன் இன்னும் நாலு கிலோமீட்டர் ஓட்டினார். பிறகு 'டொக் டொக் டொக்' என்று ஒரு சத்தம். அப்புறம் அந்த வண்டி தன் காலால் நகரவில்லை.

ஷோரூமில் போட்ட எஸ்டிமேட் மூன்று லட்சத்து நாற்பதாயிரம். சேசிஸ் நம்பரைப் போட்டுப் பழைய சர்வீஸ் ரெக்கார்டையும் எடுத்துத் தந்தார்கள். மூன்று வருடத்துக்கு முன்பே அந்த வண்டி 1,12,000 கிலோமீட்டர் ஓடியிருந்தது. அந்த ரெக்கார்டை வாங்குவதற்கு முன்னால் கேட்டிருக்கலாம். கேட்க வேண்டும் என்றுகூட எனக்குத் தெரியாது.

இனி உள்ளே என்ன ஆயிற்று என்று பார்ப்போம். இதை எனக்குப் புரியவைத்தது வகுப்பறை இல்லை, காசிமேடு. என் தாய்மாமா விசைப்படகு இன்ஜின் வேலை செய்பவர். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள் மீன்பிடித் தடைக் காலத்தில்தான் அவருக்குக் கை நிறைய வேலை. படகுகள் கரையேற, இன்ஜின்களை இறக்கி ஓவர்ஹால் செய்வார்கள். நாற்பதாயிரம் செலவழித்துப் பிரித்துப் பார்க்க எங்களுக்கு வக்கில்லாததால் மாமாவே ஷெட்டில் வைத்துச் சம்பைக் கழற்றினார். அடியில் கிடந்த ஆயிலை விரலால் தொட்டு வெயிலில் காட்டினார். ஜரிகை மாதிரி மின்னியது.

"இது ஆயில் இல்லடா தம்பி, பேரிங்கு. கரஞ்சி வந்து கீது."

கனெக்டிங் ராடின் பெரிய முனை கிராங்க் ஷாஃப்டைப் பிடித்துக்கொண்டு சுற்றுகிற இடத்தில் இரண்டு பிறை வடிவத் தகடுகள் இருக்கும். அதுதான் பிக் எண்டு பேரிங். நாம் எல்லோரும் பரீட்சைக்குப் படம் வரைந்து ஐந்து மார்க் வாங்கியிருக்கிறோம். ஆனால் படத்தில் தெரியாத ஒன்று இருக்கிறது. ஓடுகிற இன்ஜினில் அந்தத் தகடு ஷாஃப்டைத் தொடவே கூடாது. நடுவில் ஆயில் ஏடு ஒன்று நிற்கிறது. நம் தலைமுடியின் பருமனில் சிறு பங்குதான் அதன் கனம். அந்த ஏட்டின் மேல்தான் முழுப் பளுவும் மிதக்கிறது. 6,000 ஆர்.பி.எம். என்றால் வினாடிக்கு நூறு சுற்று. ஒவ்வொரு சுற்றிலும் பிஸ்டன் மேலே போய் நின்று திரும்பி, கீழே வந்து நின்று திரும்புகிறது. வேகம் இரண்டு மடங்கானால் அந்த இழுப்பு நாலு மடங்கு. அதாவது வீடியோக்காரர் ரெட் லைன் வரை முறுக்கிக் காட்டுகிற அந்த மூன்று வினாடியில் பேரிங் படுகிற பாடு, சிக்னலில் ஊர்ந்து போகும்போது படுகிற பாடு இல்லை.

ஆயில் பழசானால் அதன் பிசுக்குத்தன்மை போகும். டர்போ லட்சம் ஆர்.பி.எம்.முக்கு மேல் சுற்றுகிறது, எக்ஸாஸ்ட் சூட்டில் வேகிறது. அங்கே போய் வரும் ஆயில் கருகிக் கரியாகும். கரி ஆயில் வழியை அடைக்கும். தேய்ந்த பிஸ்டன் ரிங் வழியாக ஆயில் மேலே ஏறி எரிந்து, சம்பில் அளவு குறையும். வளைவில் வேகமாகத் திரும்பும்போது மிச்சமிருக்கிற ஆயில் ஒரு பக்கம் ஒதுங்க, பம்ப் காற்றைக் குடிக்கும். ஒரு வினாடி போதும். ஏடு கிழிகிறது, உலோகம் உலோகத்தைத் தொடுகிறது, மேல் பூச்சு போய்ச் செம்பு நிறம் தெரிகிறது. 'டொக் டொக்' என்று காது கேட்கும் நேரத்தில் நோய் முற்றி நாளாகியிருக்கும். எங்கள் வண்டியில் விற்றவர்கள் கெட்டியான ஆயில் ஊற்றி அந்தச் சத்தத்தை அமுக்கியிருக்கிறார்கள் என்பது மாமாவின் கணிப்பு. நான் டிப் ஸ்டிக்கில் பார்த்துத் தலையாட்டினேனே, அந்த ஆயில்தான்.

மாமா இன்னொன்றும் சொன்னார். படகில் இருக்கிற லேலண்ட் இன்ஜின் எத்தனை மணி நேரம் ஓடுகிறது தெரியுமா? கடலுக்குப் போனால் நாள் கணக்கில் நிற்காமல் ஓடும். லாரியில் ஓடி முடித்துப் படகுக்கு வந்த இன்ஜினும் உண்டு. "ரெண்டாயிரம் சுத்த தாண்டாது. ஆயிலு நாள் தவறாது. அதான் நிக்குது" என்றார். ஆகவே 'அதிகம் ஓடிய வண்டி ஆகாது' என்று மொட்டையாகச் சொல்வதையும் நான் ஏற்கவில்லை. எவ்வளவு ஓடியது என்பதைவிட எப்படி ஓடியது, யார் ஆயில் மாற்றினார்கள் என்பதுதான் கேள்வி. ஸ்போர்ட்ஸ் கார் விஷயத்தில் இந்தக் கேள்விக்குப் பதில் பெரும்பாலும் நல்லதாக இருக்காது. அதை வாங்குகிறவன் மிதிக்கத்தான் வாங்குகிறான். மூன்றாவது கை, நாலாவது கை என்று போகப் போக மிதிப்பது மட்டும் குறைவதில்லை, பராமரிப்புக்குக் காசு குறைகிறது.

சரி, நமக்குத்தான் இந்தக் கதியா? இல்லை. பெரிய கம்பெனிகளும் இதில் தலை குனிந்திருக்கின்றன. பி.எம்.டபிள்யூ. எம்3 காரில் 2001 முதல் 2003 வரை வந்த 3.2 லிட்டர் இன்ஜின்களுக்கு இதே ராடு பேரிங்கைக் கம்பெனியே அழைத்து மாற்றிக் கொடுத்தது. அதற்கடுத்து 2007ல் வந்த எம்3யில் 4 லிட்டர் வி8. 8,300 ஆர்.பி.எம். வரை போகும் அற்புதமான இன்ஜின். அதைப் பழசாக வாங்குகிறவர்கள் இன்றைக்கும் ஓடுகிற இன்ஜினிலேயே பேரிங்கை முன்கூட்டி மாற்றிவிடுகிறார்கள். போர்ஷே 911, பாக்ஸ்டர் கார்களில் இன்டர்மீடியட் ஷாஃப்ட் என்று ஒன்று. அதன் முனையில் ஒரு பால் பேரிங். அது உடைந்தால் முழு இன்ஜினும் காலி. அமெரிக்காவில் கார்க்காரர்கள் சேர்ந்து வழக்குப் போட, 2013ல் சமரசம் ஆனது. மாஸ்டா ஆர்எக்ஸ்-8 கதை வேறு மாதிரி. அதில் பிஸ்டனே கிடையாது, முக்கோண ரோட்டார். அதன் முனை சீல்களுக்காக ஆயிலை எரித்துத்தான் தீரும், அதன் டிசைனே அப்படி. தெரியாமல் வாங்கியவன் ஆயில் பார்க்காமல் ஓட்டிச் சீலைத் தின்னக் கொடுத்தான். அமெரிக்காவில் அந்த இன்ஜினுக்கு வாரண்டியை 8 வருடம், 1,00,000 மைல் என்று நீட்ட வேண்டி வந்தது.

இந்தக் கம்பெனிகளை நான் திட்டவில்லை. வேண்டியது ஒன்றுதான். இந்த நோய்களெல்லாம் பேர், ஊர், வருடத்தோடு வெளியே தெரிந்தவை. ஒரு மாடலை வாங்குமுன் அதற்கு என்ன நோய் என்று ஒரு மணி நேரம் தேடிப் படித்தால் கிடைக்கும். நானும் அண்ணனும் அந்த ஒரு மணி நேரத்தில் சைலன்சர் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தோம்.

இப்போது வீடியோக்காரர்களிடம் வருகிறேன்.

அமெரிக்காவில் டைலர் ஹூவர் என்று ஒருவர். 'ஹூவீஸ் கராஜ்' அவர் சேனல். நாட்டிலேயே மலிவான பென்ட்லி, மலிவான ஃபெராரி என்று வாங்கி வருவார். வண்டி படுத்துக்கொள்ளும். மெக்கானிக் பட்டியல் வாசிப்பார். இவர் முகத்தைத் தொங்கப் போடுவார். நாம் சிரிப்போம். 2023ல் இன்னொரு அமெரிக்கர் ஃபெராரி எஃப்8 காரை வயலுக்குள் விட்டு ஓட்ட, அது தீப்பிடித்துச் சாம்பலானது. நமக்கு அய்யோ என்று இருந்தது. உலகமே பார்த்த வீடியோ அது! இதில் ஒரு கணக்கு ஒளிந்திருக்கிறது. அவர்களுக்கு வண்டி ஓடினால் ஒரு வீடியோ, உடைந்தால் நாலு வீடியோ. உடைவதே வருமானம். என் அண்ணனுக்கு உடைந்தபோது வந்தது அடகுக் கடை நோட்டீஸ். இரண்டும் ஒரே இன்ஜின்தான், ஆனால் பின்னால் நிற்கிற கணக்குப் புத்தகம் வேறு. அந்தக் கணக்குப் புத்தகத்தை எந்த வீடியோவிலும் திறந்து காட்டமாட்டார்கள்.

நம் ஊரில் இன்னும் ஒரு படி மேலே. இங்கே பல வீடியோக்கள் வேடிக்கையும் இல்லை, விமர்சனமும் இல்லை, நேரடி விற்பனை. பழைய கார் யார்டில் நின்றுகொண்டு 'பக்கா கண்டிஷன், சிங்கிள் ஓனர்' என்று ஒருவர் சொன்னால், அவர் காசு வாங்கிக்கொண்டு சொல்கிறாரா, சும்மா சொல்கிறாரா? சட்டப்படி அதை வெளிப்படையாகச் சொல்லியாக வேண்டும். விளம்பரத்தில் தவறான தகவல் தருவதைத் தடுக்க 2022ல் மத்திய அரசு விதி போட்டது. 2023 ஜனவரியில் சமூக வலைத்தளப் பிரபலங்களுக்கென்றே வழிகாட்டுதலும் வந்தது. பொய் விளம்பரத்துக்கு 10 லட்சம் வரை, திரும்பச் செய்தால் 50 லட்சம் வரை அபராதம் போட நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு. பழைய வண்டி டீலர்களும் அங்கீகாரச் சான்றிதழ் வாங்க வேண்டும் என்று 2023 ஏப்ரல் 1 முதல் விதி இருக்கிறது. நாங்கள் அந்த யார்டில் கேட்டோமா? டீ கொடுத்தார்கள், குடித்துவிட்டு வந்தோம்.

பைக் பக்கம் நிலைமை இன்னும் மோசம், ஆனால் அது வேறு கட்டுரை. 2023 செப்டம்பர் 17 அன்று சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் காஞ்சிபுரத்தை அடுத்த தாமல் அருகே யூடியூபர் டி.டி.எஃப். வாசன் விழுந்ததும், கைதானதும், பத்து வருடத்துக்கு லைசென்ஸ் ரத்தானதும் எல்லோருக்கும் தெரியும். நம் வகுப்பில் அன்றைக்கு நடந்த வாக்குவாதம் இன்னும் காதில் இருக்கிறது. பாதிப் பேர் அவர் பக்கம்.

எல்லா வீடியோவையும் ஒரே தராசில் போட நான் தயாரில்லை. 'ஐ டூ கார்ஸ்' என்று ஒரு சேனல். செத்துப்போன இன்ஜின்களை ஒருவர் பொறுமையாக ஒவ்வொரு போல்ட்டாகக் கழற்றி, எதனால் செத்தது என்று காட்டுவார். ஒரு மாதிரி போஸ்ட் மார்ட்டம். மாமா சொன்னதற்கு அப்புறம் அதைத் தேடிப் பிடித்துப் பார்த்தேன். மூன்று செமஸ்டரில் புரியாத லூப்ரிகேஷன் சிஸ்டம் இரண்டு ராத்திரியில் புரிந்தது. லெக்சரர்கள் மன்னிக்க வேண்டும். (ஆங்கிலம் பாதிதான் புரிந்தது. ஆனால் சுரண்டிக் கிடக்கிற கிராங்க் ஷாஃப்டுக்கு எந்த மொழியிலும் ஒரே அர்த்தம்தான்.)

டெல்லி வண்டி பற்றியும் ஒரு வார்த்தை. அங்கே 10 வருடம் தாண்டிய டீசல், 15 வருடம் தாண்டிய பெட்ரோல் வண்டிக்குத் தடை என்று பசுமைத் தீர்ப்பாயம் சொன்னதை 2018ல் உச்ச நீதிமன்றமும் உறுதி செய்தது. அதனால் வயது நெருங்கிய வண்டிகள் மலிவாகத் தெற்கே இறங்கின. மலிவு என்கிறார்களே தவிர, இங்கே மறுபதிவும் சாலை வரியும் சேர்த்தால் எவ்வளவு என்று யாரும் வீடியோவில் கூட்டிக் காட்டுவதில்லை. நம் பங்குக்கு நாமும் வெளியூருக்கு அனுப்பியிருக்கிறோம், அது தனிக் கதை. 2015 டிசம்பர் வெள்ளத்தில் இந்த நகரத்தில் மூழ்கிய கார்கள் எத்தனை! தண்ணீரில் நிற்கிற காரை ஸ்டார்ட் செய்தால் சிலிண்டருக்குள் தண்ணீர் போகும். தண்ணீரை அமுக்க முடியாது, எனவே கனெக்டிங் ராடு வளையும். லேசாக வளைந்த ராடோடு வண்டி சில மாதம் ஓடவும் செய்யும். கழுவித் துடைத்து விற்றால் வாங்குகிறவனுக்கு எப்படித் தெரியும்? 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலுக்கு அப்புறமும் இதே கேள்வி. சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்து, அடியில் சேற்றுக் கறை இருக்கிறதா என்று பாருங்கள். இது மாமா சொன்ன யோசனை. நம் சிலபஸில் இல்லை.

கட்டுரையைப் படித்துக்காட்டியபோது நண்பன் ஒருவன் கோபித்துக்கொண்டான். "அப்போ நம்மள மாதிரி ஆளுங்க நல்ல வண்டி ஓட்டவே கூடாதா? ஷேர் ஆட்டோவுலயே காலம் தள்ளணுமா?" அவன் கோபம் நியாயமானது. நான் அந்தக் கட்சி இல்லை. வேகத்தின் மேல் ஆசை இந்தப் பக்கத்துக்குப் புதுசும் இல்லை. நமக்கு வடமேற்கே சோழவரத்தில், உலகப் போர்க் கால விமான ஓடுபாதையில், பல வருடம் கார் ரேஸ் நடந்தது. 1990ல் இருங்காட்டுக்கோட்டையில் தனி டிராக் வந்த பிறகுதான் அது ஓய்ந்தது. 2024 ஆகஸ்ட் கடைசியில் தீவுத்திடலைச் சுற்றி ராத்திரி ரேஸ் நடந்தபோது நாமெல்லாம் வேலிக்கு வெளியே நின்று காது குளிரக் கேட்டவர்கள்தானே. என்ஃபீல்டு வளர்ந்தது திருவொற்றியூரில், லேலண்ட் வளர்ந்தது எண்ணூரில். இன்ஜின் நமக்கு அந்நியம் இல்லை.

ஆனால் ரேஸ் காரர்களிடம் ஒரு பழக்கம் இருக்கிறது. இன்ஜினை மணிக் கணக்கு வைத்துப் பிரிப்பார்கள். உடைகிற வரை காத்திருக்கமாட்டார்கள். கனவு காண்கிறவனுக்கு அந்த மணிக் கணக்குக்கான காசும் சேர்த்து வேண்டும். நாலே கால் லட்சத்துக்கு வண்டி வாங்க முடிந்தது என்பதால், இருபத்தைந்து லட்சம் வண்டியின் ஸ்பேர் பார்ட்ஸ் விலை குறைந்துவிடவில்லை. இது எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். மற்றவர்களுக்குத் தெரியாமல் இருப்பதில் குற்றமில்லை, எனக்குத் தெரியாமல் இருந்ததில் குற்றம் உண்டு. என்னை நம்பித்தான் ஒன்பது சவரன் போயிற்று.

இங்கேதான் நம் பாலிடெக்னிக் மேல் எனக்கு வருத்தம். நம் லேபில் கம்ப்ரஷன் கேஜ் இருக்கிறது. ஸ்கேனர் இருக்கிறது. இரண்டும் கண்ணாடி பீரோவில் பத்திரமாக இருக்கின்றன. இன்ஸ்பெக்ஷன் வந்தால் வெளியே வரும், போட்டோ எடுத்ததும் உள்ளே போகும். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, கேஜை முறுக்கி, நாலு சிலிண்டரையும் அளந்தால் ஒன்றுக்கொன்று பத்துப் பதினைந்து சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் இருக்கக் கூடாது என்று தியரியில் எழுதி மார்க் வாங்கினோம். கையால் செய்தவர்கள் எத்தனை பேர்? எழுந்து நிற்கச் சொன்னால் நான் உட்கார்ந்துதான் இருப்பேன். வெட்டி வைத்த பத்மினி இன்ஜினைத் தொட்டுப் பார்த்ததோடு சரி. ஓடுகிற இன்ஜினில் காது வைக்க நமக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

பேரவைக்கு என் கோரிக்கை இதுதான். மாதத்தில் ஒரு சனிக்கிழமை, லேப் ஷெட்டைத் திறந்து வையுங்கள். தண்டையார்பேட்டை, கொருக்குப்பேட்டை, காசிமேடு, ராயபுரம் ஜனங்கள் பழைய பைக், ஆட்டோ, கார் வாங்கும் முன் கொண்டு வந்து காட்டட்டும். லெக்சரர் ஒருவர் மேற்பார்வையில் நாம் பார்ப்போம். குளிர்ந்த இன்ஜினை ஸ்டார்ட் செய்து கேட்போம். ஆயில் மூடியைத் திறந்து புகை வருகிறதா பார்ப்போம். நீலப் புகையா, வெள்ளைப் புகையா என்று குறிப்போம். கம்ப்ரஷன் அளப்போம். ஸ்கேனர் போட்டு, மீட்டரில் காட்டுவதும் கம்ப்யூட்டரில் இருப்பதும் ஒத்துப்போகிறதா பார்ப்போம். ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுப்போம். 'வாங்கு, வாங்காதே' என்று நாம் சொல்ல வேண்டாம், அளந்ததை எழுதினால் போதும். ஒரு வண்டிக்கு ஐம்பது ரூபாய் வாங்கினால்கூட கேஜுக்கு வாஷர் வாங்கலாம். மனு எழுதி வைத்திருக்கிறேன். இதுவரை பதினாலு பேர் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். 'கருவி கெட்டுப்போனால் யார் பொறுப்பு?' என்பது ஆபீஸில் கேட்ட முதல் கேள்வி. பீரோவிலேயே இருந்து கெட்டுப்போனால் யார் பொறுப்பு என்று நான் கேட்கவில்லை, இன்டர்னல் மார்க் இருக்கிறதே!

அண்ணன் வண்டி இப்போது தெருமுனையில் தார்பாய் போட்டு நிற்கிறது. கிராங்கை கிரைண்டிங் செய்து ஓட்டலாம் என்றார் மாமா. ஆனால் அந்த மாடலுக்கு அண்டர்சைஸ் பேரிங் இங்கே கிடைக்கவில்லை. புதுப்பேட்டையில் பழைய இன்ஜின் தேடினோம். ஒன்று கிடைத்தது, ஆனால் அது எந்த வண்டியில் எப்படி ஓடியதோ! வாயைத் திறந்து 'நல்லா இருக்கு' என்று சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. அண்ணன் மறுபடி டிரெய்லர் வரிசையில் நிற்கிறார். மாதா மாதம் தவணை. வீடியோ பார்ப்பதை விட்டுவிட்டாரா என்று கேட்காதீர்கள், விடவில்லை. பெரியம்மா என்னை ஒரு தரம்தான் கேட்டார்: "நீ பாத்துட்டுதானே சொன்ன?" அதற்கப்புறம் கேட்கவில்லை. வழக்கம்போல ஞாயிற்றுக்கிழமை மீன் குழம்பு அனுப்புகிறார்.

போன வாரம் எதிர் வீட்டு அக்கா கூப்பிட்டார். அவர் வீட்டுக்காரர் பழைய ஆட்டோ ஒன்று வாங்குகிறாராம், வந்து பார்க்க வேண்டுமாம். போனேன். பெயின்ட் பளபளவென்று இருந்தது. மீட்டர், சீட், டேப் எல்லாம் புதுசு. விற்கிறவர் "ஸ்டார்ட் பண்ணிக் காட்டட்டுமா தம்பி?" என்றார். வேண்டாம் என்று சொல்லிவிட்டு முதலில் இன்ஜின் மேல் கை வைத்தேன். சுட்டது.

"நாளைக்குக் காலையில ஆறு மணிக்கு வர்றேண்ணே. அதுவரைக்கும் ஸ்டார்ட் பண்ணாதீங்க" என்றேன்.

— இரண்டாம் ஆண்டு, ஆட்டோமொபைல் பிரிவு